பேர் கேட்காத தீவு

அத்தியாயம் எட்டு

ஐந்து மணிக்குள் ஓர் ஆளைப் பிடித்தாக வேண்டும். பெயர் தெரியாது, முகம் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. மணி பன்னிரண்டே கால் ஆகிவிட்டது. சௌந்தரவல்லி மேடமோ நிதானமாகத் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மேடத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இருபது வருஷம் ஒரு பேங்கில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தார். ஒரு பெரிய மனிதரைப் பற்றி உண்மையை ரிப்போர்ட்டாக எழுதினார், வேலை போயிற்று. இப்போது ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் ஒரு மாடி அறை, வாசலில் ‘தனியார் விசாரணை’ என்று ஒரு போர்டு. போர்டைத் துடைப்பது, வண்டி ஓட்டுவது, திட்டு வாங்குவது மூன்றும் என் இலாகா. என் பெயர் நம்பி, சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். கடைசியாகச் சம்பளம் வாங்கியது தீபாவளிக்கு, இப்போது 1994 பிப்ரவரி.

நாங்கள் தேடிய ஆள் ப்ளூ ஹெரான் ஹோல்டிங்ஸ் என்ற வெளிநாட்டுக் கம்பெனியின் ஒரே டைரக்டர். முடங்கியாறு ரோட்டிலிருந்த மலைச்சாரல் ஸ்பின்னிங் மில்லை அந்தக் கம்பெனி பழைய முதலாளி ராஜரத்தினத்திடமிருந்து விலைக்கு வாங்கியது. வாங்கிய கையோடு பேங்கில் அடமானம் வைத்தது. பணத்தை எடுத்துக்கொண்டு போன அக்டோபரில் கேட்டைப் பூட்டியது. இருநூற்றுப் பதினான்கு தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள், பாதிக்கு மேல் பெண்கள்.

அவர்களுக்காகக் கோர்ட்டுக்குப் போனவள் வெள்ளத்தாய். வைண்டிங் பிரிவில் நூல் சுற்றுகிறவள், வயது நாற்பது, புருஷன் சீனிச்சாமி செத்து ஏழு வருஷம். அவள் வாய்க்கு மில் மேனேஜரே பயந்து ஒதுங்குவார். மனுவில் அவள் இரண்டு விஷயம் கேட்டிருந்தாள். மெஷின்களை யாரும் கொண்டு போகக் கூடாது, அந்த டைரக்டரைக் கண்ட இடத்தில் கைது பண்ணி ஜாமீன் தராமல் உள்ளே வைக்க வேண்டும். இரண்டாவது கொஞ்சம் அதிகம், விட்டுவிடலாம் என்று வக்கீல் சங்கரலிங்கம் கெஞ்சிப் பார்த்தாராம். அதை எழுதாவிட்டால் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம். எழுதினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இன்று காலை நீதிபதி இரண்டுக்கும் சரி என்றார், ஒரே ஒரு நிபந்தனையோடு. ஆள் இல்லாத கம்பெனி மேல் உத்தரவு போட எனக்குத் தெரியாது, மாலை ஐந்துக்குள் அந்த டைரக்டரை என் முன் நிறுத்துங்கள், நிறுத்தினால் மில் கோர்ட்டின் பொறுப்பில் வரும், இல்லையென்றால் தடை உத்தரவு ஐந்து மணியோடு தீர்ந்தது என்றார். தீர்ந்தால் மெஷின்கள் பேங்க் விட்ட ஏலத்தில் எடுத்தவனுக்கு. அவன் அனுப்பிய ஆறு லாரி ஏற்கெனவே மில் கேட் முன்னால் நின்றது, டிரைவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

கோர்ட்டிலிருந்து நேரே வெள்ளத்தாய் எங்கள் மாடிக்கு வந்தாள். பணம் இல்லை என்று மூக்குத்தியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மேடம் அதை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினார். அவள் போனதும் திருப்பிக் கொடுத்தனுப்புவார் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை.

“துப்பு என்ன இருக்கு?” என்றார் மேடம், விரலை வழித்தபடி.

வக்கீல் கொடுத்தனுப்பிய ஒன்பது தாள்தான் இருந்தது. பேங்கில் கடன் வாங்கும்போது ப்ளூ ஹெரான் கம்பெனி தன் போர்டு மீட்டிங் தீர்மானங்களின் நகலைக் கொடுத்திருந்தது. மாதத்துக்கு ஒரு மீட்டிங், ஜனவரி முதல் செப்டம்பர் வரை. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், தீர்மானம் எல்லாம் சுத்தமாக டைப் அடித்திருந்தது. டைரக்டரின் பெயரும் கையெழுத்தும் இருந்த இடத்தில் மட்டும் கறுப்பு மை.

பேங்க்காரன் எப்படி இதை ஒத்துக்கொண்டான் என்று கேட்டேன். மேடம் கையைக் கழுவிவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுத்தார். மலேசியாவுக்கு லாபுவான் என்று ஒரு தீவு இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன் அந்த அரசாங்கம் அதைச் சர்வதேச நிதி மையம் என்று அறிவித்தது. ஆலை கட்ட வேண்டாம், அணை கட்ட வேண்டாம், சட்டம் மட்டும் போட்டால் போதும். இங்கே வந்து கம்பெனி பதிவு பண்ணு, வரி என்று பேருக்கு ஏதோ கட்டு, உன் பெயரை வெளியே சொல்ல மாட்டோம், எங்கள் ஆள் எவனாவது சொன்னால் அவனைத் தூக்கி உள்ளே வைப்போம். அயர்லாந்து இப்படி ஒரு கடை விரித்திருக்கிறது, மொரீஷியஸ் விரித்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரன் தள்ளுபடி கொடுத்தால் நாமும் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

நம்ம பஸ் ஸ்டாண்டு லாட்ஜ் மாதிரி என்றேன். அங்கேயும் ரிஜிஸ்தரில் பேர் கேட்க மாட்டான், ஆனால் வாடகை கறாராக வாங்கிவிடுவான்.

“லாட்ஜுல போலீஸ் ரெய்டு வரும் நம்பி. இங்க போலீஸேதான் லாட்ஜ் நடத்துது.”

நம் அரசாங்கமும் லேசுப்பட்டதில்லை என்றார் மேடம். தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் என்றால் போதும், வாசல் வரை வந்து மாலை போடுகிறார்கள். ராஜரத்தினத்தின் மில்லாக இருந்தவரை மாதம் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து குடைவான். அதே மில், அதே ஓட்டைக் கூரை, வெளிநாட்டுக் கம்பெனி கைக்குப் போனதும் கரண்டுக்குச் சலுகை, வரிக்குச் சலுகை, எட்டிப் பார்க்க ஆளில்லை. கறுப்பு மையைப் பற்றிப் பேங்க்காரன் வாயைத் திறப்பானா என்ன?

நான் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தீவில் உட்கார்ந்து மீட்டிங் போட்டவன் ஒரு துரையாக இருந்தால் பத்து மணி, மூன்று மணி என்று முழுதாகப் போட்டிருப்பான். இதில் எல்லாம் துண்டு துண்டான நேரம். பிப்ரவரி மூன்று புதன், 12.45. மார்ச் நாலு வியாழன், 1.50. ஜூன் பதினெட்டு வெள்ளி, 11.40. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், கிழமையைப் பார்த்தால் சுவரிலிருக்கிற தினசரி காலண்டரைப் பார்ப்பேன்.

“மேடம், இவன் நம்ம ஊர்க்காரன் கிடையாது. சத்தியமா கிடையாது. புதன் பன்னெண்டுக்கு மேல ராகு காலம். வியாழன் ஒண்ணு அம்பதும் ராகு காலம். வெள்ளி பதினொண்ணு நாப்பதும் ராகு காலம். ஒன்பதுல ஏழு ராகு காலத்துல வருது. தேடிப் பிடிச்சாப்புல போட்டிருக்கான்.”

மேடம் என்னைப் பார்த்தார். தாளைப் பிடுங்கினார். அப்புறம் மெதுவாகச் சிரித்தார், அந்தச் சிரிப்பு வந்தால் யாருக்கோ கெட்ட காலம் என்று அர்த்தம்.

“நேரம் எந்த ஊர் நேரம்னு போட்டிருக்கு?”

தீவு நேரம் என்று போட்டிருந்தது.

“தீவுக்கும் நமக்கும் ரெண்டரை மணி வித்தியாசம். கழி.”

கழித்தேன். புதன் பத்தே கால். வியாழன் பதினொன்று இருபது. வெள்ளி ஒன்பது பத்து. ஒன்பதையும் கழித்துக் காலண்டரோடு ஒட்டிப் பார்த்தேன். ராகு காலம் ஒன்றில்கூட இல்லை, எமகண்டம் இல்லை, செவ்வாய்க்கிழமை என்பதே இல்லை. ஒன்பது மீட்டிங்கும் நம் ஊர் நல்ல நேரத்தில் கச்சிதமாக நடந்திருந்தது. எந்தப் புண்ணியவானோ இங்கே நேரம் பார்த்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மீட்டிங் தீவில் நடந்ததாகக் காட்ட ரெண்டரை மணியைக் கூட்டி டைப் அடித்திருக்கிறான். தீவும் கிடையாது, துரையும் கிடையாது. எல்லாம் இங்கேயே நம் மூக்குக்குக் கீழே நடந்திருக்கிறது.

சரி, யார்? அதற்கும் தேதிதான் வழி காட்டியது. எட்டு மீட்டிங்கும் மாதத்தின் முதல் வாரத்தில் நடந்திருக்க, ஜூன் மட்டும் பதினெட்டுக்குத் தள்ளிப் போயிருந்தது. என்ன தடங்கல் என்று மேடம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் நாக்கில் அதிரசம் இனித்தது. போன ஜூன் பதினேழாம் தேதி நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பந்தியில் உட்கார்ந்து மூன்று அதிரசம் தின்றேன். எங்கள் தெரு ஆராவமுதன் மாமாவின் அம்மா காலமாகிப் பதிமூன்றாம் நாள் சுபம் அன்று. துக்கம் முடியும்வரை மாமா வீட்டுப் படி தாண்டவில்லை. முடிந்த மறுநாள் பதினெட்டு.

ஆராவமுதன் மலைச்சாரல் மில்லில் முப்பது வருஷம் ஸ்டெனோ. கம்பெனி இங்கிலீஷில் தீர்மானம் எழுத ராஜபாளையம் வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. ரிட்டயர் ஆன பிறகு வீட்டு மேல் மாடியும் எழுப்பியிருந்தார், பென்ஷன் இல்லாத மனுஷர்.

“அதிரசத்துக்கு இவ்வளவு உபயோகமா?” என்றார் மேடம். செருப்பை மாட்டிக்கொண்டார்.

*

எம்-80 வண்டியில் மேடத்தைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டினால் ஏழு மைலும் பேச்சு வாங்க வேண்டும். லாரியை முந்தினால் திட்டு, முந்தாவிட்டால் சோம்பேறி. மாட வீதியில் மாமா வீட்டு வாசலில் இறங்கும்போது மணி ஒன்று ஐம்பது.

மாமா ஊஞ்சலில் இருந்தார். நெற்றியில் பாதம் வைத்த தென்கலை நாமம், தோளில் துண்டு, பக்கத்தில் புது டெலிபோன். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, பாட்டி சுபத்துக்கு வந்தியே, அதுக்கப்புறம் காணவே காணோமே என்றார். மேடம் உட்காரவில்லை. ஒன்பது தாளையும் அவர் மடியில் வைத்தார்.

“ப்ளூ ஹெரான் டைரக்டர் நீங்கதான்னு கோர்ட்டுல சொல்லப் போறோம். ஜாமீன் கிடையாது. பெட்டியில வேட்டி ரெண்டு எடுத்து வெச்சுக்குங்க.”

பச்சைப் பொய். ஆனால் மேடம் பொய் சொன்னால் எனக்கே நம்பத் தோன்றும். மாமாவுக்கு வேர்த்துவிட்டது. டைப் அடித்தது நான், ஒரு தாளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அடித்தேன், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்று புலம்பினார். மேடம் விடவில்லை. ராகு காலம் பார்த்து நேரம் குறித்தது நீங்கள்தானே, அதுவே போதும் என்றார்.

பயத்துக்கு நடுவிலும் மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பெருமாளைச் சேவிக்கறவன் ராகுவுக்குப் பயப்படுவனா? எங்க கோயில்ல நவக்கிரக சந்நிதியே கிடையாதேம்மா. நம்பி, நீயாவது எடுத்துச் சொல்லப்படாதோ?”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். மாமா மாதிரி அசல் வைஷ்ணவர்கள் ராகு காலத்தில் கல்யாணப் பேச்சே பேசுவார்கள். காலண்டரைப் பார்க்கிற புத்தி எனக்கு ராஜபாளையம் போன பிறகு ஒட்டிக்கொண்டது. அப்படியென்றால் நேரம் பார்த்தது வேறு ஒரு ஆள்.

“கையெழுத்துப் போட்டவாதான் கேட்டா,” என்றார் மாமா. “நல்ல நேரத்துலதான் போடுவேன்னு ஒரே பிடிவாதம். நான் கடிகாரத்தைப் பார்த்துண்டு உட்கார்ந்திருப்பேன்.”

உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து கார்பன் நகல் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் கறுப்பு மை இல்லை. மேடம் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

டைரக்டர்: திருமதி சீ. வெள்ளத்தாய். கீழே தமிழில் ஒரு கையெழுத்து. பள்ளிக்கூடப் பிள்ளை சிலேட்டில் எழுதின மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, சுழி சுத்தமாக.

மாமா பேசிக்கொண்டே போனார், ஆரம்பித்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. ராஜரத்தினம்தான் ஆளைச் சொன்னாராம். மில்லை மூடினால் யார் முதலில் கோர்ட்டுக்குப் போவாளோ, அவளையே டைரக்டராகப் போடு என்றாராம். அறிவொளி வகுப்பில் அவள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட சமயம் அது. கேன்டீன் கமிட்டிக்கு நீதான் தலைவி, மாதம் ஒரு காகிதம் என்று சொல்லி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். இங்கிலீஷ் தாள், அவளுக்கு என்ன தெரியும்?

கம்பெனியின் பங்கு யார் பெயரில் என்று மேடம் கேட்டார். அது வேறொரு தீவில் வேறொரு கம்பெனி பெயரில் இருக்கிறதாம், அந்தக் காகிதத்தை மாமா அடிக்கவில்லையாம். ராஜரத்தினம் எங்கே? மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போயிருக்கிறாராம். பெண் குழந்தையாம், சௌக்கியமாம்.

“இதை அப்படியே கோர்ட்டுல சொல்லணும். சட்டையை மாட்டிக்கிட்டு வாங்க,” என்றார் மேடம்.

மாமா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நாங்கள் கூடத்தில் காத்திருந்தோம். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தோம். இருபது நிமிஷம் ஆயிற்று. நான் எழுந்து போய்ப் பார்த்தேன், கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. மாமா மதுரை பஸ் ஏறிவிட்டார் என்று தெருவில் பூக்காரி சொன்னாள். சட்டை போடாமல் துண்டோடு ஓடினாராம்.

“மோர் குடிச்சேன் பாரு,” என்றார் மேடம். “என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம், போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினோம். கம்ப்ளெயின்ட் எழுதிக் கொடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு இருபது.

*

கோர்ட் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளத்தாய் எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். மேடம் அவளை டைப்பிஸ்டுகள் உட்காரும் தாழ்வாரத்தின் மூலைக்குக் கூட்டிப் போனார். வக்கீல் சங்கரலிங்கத்தையும் கூப்பிட்டார்.

“ஆப்புட்டானாம்மா? யாரு அந்தப் பய?”

மேடம் கார்பன் நகலைக் கையில் கொடுத்தார். வெள்ளத்தாய் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

“இது என் கையெழுத்துல்லா. சுழி நல்லா விழுந்திருக்கு. இது கேன்டீன் காகிதம், இது எதுக்கு உங்க கையில?”

மேடம் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, பூசி மெழுகவுமில்லை. தீவு, கம்பெனி, டைரக்டர், ராஜரத்தினம், ஓடிப்போன மாமா, எல்லாம். வக்கீல் சங்கரலிங்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ரிசர்வ் பேங்க் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக் கம்பெனியில் டைரக்டராக இருந்தது ஒரு குற்றம், பேங்கை ஏமாற்றியது இன்னொன்று. இரண்டிலும் அவள் கையெழுத்து இருக்கிறது. ராஜரத்தினத்தின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

வெள்ளத்தாயின் குரல் அடங்கியிருந்தது.

“அம்பது ரூவா குடுத்தாவ. ஒவ்வொரு வாட்டியும். ஒருத்தருட்டயும் சொல்லாதன்னாவ. நான் சொல்லல.”

அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்தாள், துடைத்த விரல் வெறும் மூக்கில் ஒரு நொடி நின்றது. மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“மூக்குத்திய வாங்குனியள்லா. வேற நல்ல ஆளாப் பாத்துப் புடிச்சுக் குடுத்திருக்கக் கூடாதா?”

எனக்கு அந்த இடத்தைவிட்டு எங்காவது ஓடிப் போகலாம் போலிருந்தது. மேடம் நகலை அவள் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தார். இதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றார். ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிவிடலாம். இன்னும் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது, நீ வீட்டுக்குப் போகலாம்.

“மெஷினு?”

“லாரியில ஏறிடும்.”

“நான் உள்ள போனா எம்புட்டு நாளு வைப்பாவ?”

வக்கீல் மழுப்பப் பார்த்தார். மேடம் குறுக்கே வந்து, அந்த ஸ்டெனோ கிடைத்தால் ஆறு மாசம், கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று வருஷம்கூட ஆகலாம் என்றார். ஜாமீன் தரக் கூடாது என்று நீயே எழுதிக் கேட்டிருக்கிறாய் என்றும் சொன்னார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சௌந்தரவல்லி மேடத்துக்குப் பாதி உண்மை சொல்லத் தெரியாது, அதனால்தான் பேங்க் வேலையும் போயிற்று.

வெள்ளத்தாய் மரத்தடியைப் பார்த்தாள். அங்கே அவளுடைய சினேகிதி பாலம்மாள் யாரிடமோ வெற்றிலை வாங்கி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே நாளில் வைண்டிங்கில் சேர்ந்தவர்கள். வெள்ளத்தாய் பிரசவத்துக்குப் பாலம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம், காலையில் எங்கள் மாடியில் சொன்னாள்.

நாலே முக்காலுக்கு வெள்ளத்தாய் கோர்ட் ஹாலுக்குள் போனாள். நான் கதவோரம் நின்றேன். டைரக்டர் எங்கே என்று நீதிபதி கேட்டார். வக்கீல் ஃபைலைப் புரட்டினார். அவளே கூண்டுப் பக்கம் போய் நின்றுகொண்டு பெயரைச் சொன்னாள், புருஷன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். நீதிபதிக்குப் புரியவில்லை. நீங்கள் மனுதாரர் அல்லவா என்றார். நான்தான் அய்யா அதுவும், இதுவும் நான்தான் என்றாள். பின்பெஞ்சில் ஒரு குமாஸ்தா சிரித்தான்.

நகலைப் பார்த்தார்கள். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று வக்கீல் அப்போதுதான் சுதாரித்துக் கத்தினார். அதை விசாரணையில் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. அவரைக் குறை சொல்ல முடியாது, காலையில் போட்ட உத்தரவு அப்படியே இருந்தது. மில் கோர்ட்டின் பொறுப்பில், மெஷின்களை அசைக்கக் கூடாது. டைரக்டர் கஸ்டடியில். அவள் கேட்ட இரண்டும் அவளுக்குக் கிடைத்துவிட்டன.

வெளியே செய்தி போய்விட்டது. பெண்கள் எழுந்து வாசலை மறித்து நின்றார்கள். இரண்டு பெண் போலீசுக்கு நடுவில் வெள்ளத்தாய் படி இறங்கி வந்தாள். நான் முன்னால் ஓடி எல்லாவற்றையும் விளக்கினேன். தீவு என்றேன், அந்த அரசாங்கம் பேர் சொல்லாத சட்டம் போட்டிருக்கிறது என்றேன், ராஜரத்தினம்தான் ஆட்டி வைத்தவன் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது காதில் பூச் சுற்றுகிற கதை மாதிரி ஒலித்தது. நாலு மாசமாகப் பட்டினி கிடந்தவர்களிடம் லாபுவான் என்று போய் எவன் சொல்லுவான்?

பாலம்மாள் என்னை ஒதுக்கிவிட்டு அவள் எதிரில் போய் நின்றாள்.

“ஏட்டி, ஒம்பது வாட்டி போட்டியாமே. துட்டும் வாங்குனியாமே?”

வெள்ளத்தாய் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

“ஒரு வாட்டி எங்கிட்டச் சொல்லியிருந்தா என்னட்டி?”

பாலம்மாள் அவள் காலடியில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு நகர்ந்தாள். பின்னாலிருந்து ஒரு செருப்பு வந்து வெள்ளத்தாயின் தோளில் விழுந்தது. எறிந்தவள் யார் என்று பார்க்கக்கூட அவள் திரும்பவில்லை. வேனில் ஏற்றும்போது என்னைக் கூப்பிட்டாள்.

“தம்பி, லாரி திரும்பிருச்சான்னு மட்டும் செத்த கேட்டுச் சொல்லுங்க. நான் இங்கனதான இருப்பேன்.”

எதிரேயிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். மில்லுக்கு எதிர் டீக்கடைக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை, நாலாவது தடவைதான் கிடைத்தது. கோர்ட் அமீனா வந்து கேட்டில் அரக்கு சீல் வைத்துவிட்டாராம். ஆறு லாரியும் காலியாகவே தென்காசி ரோட்டில் திரும்பிப் போயிற்றாம். டீக்கடைக்காரர் குரலே சந்தோஷத்தில் ஏறிக் கிடந்தது.

ஓடிவந்தேன். வேன் போய்விட்டிருந்தது. எங்கே கொண்டு போனார்கள் என்று கேட்டால் மதுரைக்கு என்றான் ஒருவன், விருதுநகருக்கு என்றான் இன்னொருவன். மேடம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வக்கீல் சொல்லச் சொல்ல ஜாமீன் மனு எழுதிக்கொண்டிருந்தார், பேனா பிடித்த விரலெல்லாம் மை.

லாரி போய்விட்டது என்று மரத்தடியில் சொன்னேன். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். பாலம்மாள் ரோட்டைத் தாண்டிப் போய்க் கடையில் காராச்சேவு வாங்கிவந்து எல்லாருக்கும் பங்கு வைத்தாள். என்னிடமும் ஒரு பொட்டலம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.